இரண்டே ஸீட்டுக் கார்

"எங்கப்பாகிட்ட கேட்டியா?"

"நாளைக்குக் கேக்குறேன்."

"எந்த வருஷத்து நாளைக்கு?"

போன வியாழக்கிழமை, கோரிப்பாளையம் சிக்னல் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது ஜாய்ஸ் கேட்டது இது. நான்கு வருடமாக ஆன்சன் சொல்லிவரும் நாளை அது.

"இங்க பாரு ஆன்சன், கல்யாணச் செலவுக்குன்னு அப்பா காரை விக்கப் போறார். வித்த கையோட தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவார். பதினஞ்சு லட்சத்துக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் குடுக்க மாட்டாராம். விலை போட உன்னைத்தான் கூப்பிடப் போறார்."

"என்னையா?"

"பழைய வண்டிக்கு விலை போடுறவன் மதுரையில வேற யாரு இருக்கா? கம்மியாப் போடு. காரும் வீட்டோட நிக்கும், நானும் நிப்பேன்."

"பொய் ரிப்போர்ட் எழுத மாட்டேன் ஜாய்ஸ். எட்டு வருஷத்துல ஒண்ணுகூட எழுதினதில்ல."

"பொய் எதுக்கு? உண்மையைச் சத்தமாச் சொல்லு, போதும். அந்தக் காரைப் பத்தி உண்மை தெரிஞ்சா வாங்க வந்தவன் செருப்பைக்கூட எடுக்காம ஓடிருவான்."

அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டியபடிதான், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தல்லாகுளத்தில் ஜாய்ஸின் அப்பா ஜேசுராஜ் சார் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான் ஆன்சன். உடம்பில் புத்தம்புது நீலச் சட்டை. காருக்கு அடியில் படுக்கப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அம்மா விடவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவர். அங்கேயே தங்கியிருந்து, சனி ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவர். சொன்னதைக் கேட்காவிட்டால் திங்கட்கிழமை பஸ் ஏறும்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

எதையும் நேராகக் கேட்க முடியாத சுபாவம் ஆன்சனுக்கு அம்மா வழியில் வந்ததுதான். எதிர்வீட்டு மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு வாரம் பால்காரரை அனுப்பி வேவு பார்த்தவர் அவர். "நேராக் கேட்டு இல்லைன்னுட்டா மூஞ்சிய எங்கப்பா வச்சுக்கிறது?" என்பார்.

ஆன்சனுக்கு அந்தப் பயத்தோடு இன்னொரு பயமும் உண்டு. ஊருக்கு அவன் முப்பத்தொரு வயது வாகன மதிப்பீட்டாளன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்கு எடுத்த ஜேசுராஜ் சாருக்கோ, ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் முப்பத்தொன்று வாங்கியவன்.

"வாடா. நேரத்துக்கு வந்துட்டியே, ஆச்சரியமா இருக்கு" என்றார் சார். "காலைலதான் போன் வந்துச்சு. வெள்ளைத்துரைன்னு ஒருத்தர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல பெரிய கடையாம். இன்னிக்கே காரைப் பார்க்கணும்கிறார். நீ விலையைச் சொல்லு, அவர் பணத்தைச் சொல்லட்டும்."

ஷெட்டின் தகரக் கதவை அவர் தள்ளினார். உள்ளே நின்றது அந்தப் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பத்தொன்பதாம் வருடத்து மாடல். கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சாரின் அப்பா வாங்கியது. நீண்ட மூக்கு, கண்போல இரண்டு விளக்குகள், மொத்தமே இரண்டு ஸீட். பதினோரு வருடமாக அது வெளியே ஓடவில்லை. ஆனால் சார் மாதாமாதம் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, கையால் சுற்றி வைத்து வந்தார்.

எவ்வளவு அழகான வண்டி! ஆசையை முகத்தில் காட்டாமலிருப்பது அவன் தொழிலின் முதல் பாடம். ஜாய்ஸ் விஷயத்திலும் அதையே நான்கு வருடமாகச் செய்துவந்ததுதான் தப்பாகிவிட்டது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெள்ளைத்துரை இறங்கினார். பின்னாலேயே பட்டுச் சேலையில் அவர் மனைவி செல்லத்தாய். கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பூ, சீப்புப் பழம், ஒரு ஸ்வீட் பெட்டி.

கார் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்களா? ஆன்சனின் பார்வையைக் கவனித்த செல்லத்தாய், "வெறுங்கையோட ஒரு வீட்டுக்குள்ள நுழையிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது தம்பி" என்றார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீலம் நல்லா எடுப்பாத்தான் இருக்கு" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டு, ஜாய்ஸின் அம்மா ஜோசபினோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆன்சன் வேலையைத் தொடங்கினான். துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து, இடது பக்க மட்கார்டில் வைத்தான். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது.

"பார்த்துக்கங்க அண்ணே" என்றான் சத்தமாக. "உள்ள தகடே இல்ல. அடிபட்டு, பட்டி பூசி, மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. பட்டி மட்டும் ஒரு விரல் கனம்."

ஜேசுராஜ் சாரின் முகம் சுருங்கியது.

வெள்ளைத்துரை காந்தத்தைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "அம்புட்டு அடி பட்டும் நிக்குதுல்ல தம்பி? அதான் வண்டி."

சாரின் முகம் மலர்ந்தது.

"பெயிண்ட் வெடிச்சிருக்குண்ணே."

"வயசானா நமக்கும்தான் தோல் சுருங்குது."

ஆன்சன் தரையில் மண்டியிட்டு, கதவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. துருப்பிடித்த தகடு பப்படம்போல நொறுங்கி அவன் சட்டையெல்லாம் கொட்டியது.

"ஓட்டை! ரோடு தெரியும்ணே!"

"நம்ம ஊரு வெயிலுக்குக் காத்து வரட்டும்."

ஆன்சன் எழுந்து சட்டையைத் தட்டினான். எட்டு வருடத்தில் குறை சொல்லச் சொல்ல விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறான். இவர் குறைத்தும் கேட்கவில்லை, கூட்டியும் கேட்கவில்லை. விலையையே கேட்கவில்லை!

"விலைன்னு ஒண்ணு..." என்று சாரே தயங்கித் தொடங்கினார்.

"அதுக்கென்ன அவசரம் சார்? பெரியவங்க உக்காந்து பேசினா முடியாத காரியமா?" என்றார் வெள்ளைத்துரை.

முடியப் போகிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆன்சன் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"சார், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துருவோமா?"

அவன் கணக்கு எளிமையானது. பதினோரு வருடம் தூங்கிய இஞ்சின் எழாது. எழாத இஞ்சினை வாங்க எந்தப் பூ வியாபாரியும் வரமாட்டார். ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்த கார் பேட்டரியை எடுத்து வந்து இணைத்தான். கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றினான். சார் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

இஞ்சின் இருமியது. அடங்கியது. மறுபடி இருமியது. அடங்கியது.

"போச்சுண்ணே" என்றான் ஆன்சன், துக்கக் குரலில், மனம் குளிர.

ஆனால் அவன் கண் ஒரு ஸ்பார்க் பிளக்கில் நிலைத்துவிட்டது. உள்ளே கரி ஏறியிருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவன் கைகளுக்குத் தெரியாது. மனம் தடுக்கும் முன்னே அவை பிளக்கைக் கழற்றின, உப்புத்தாளால் தேய்த்தன, ஊதின, திருப்பி மாட்டின. அவன் சுதாரித்தபோது ஜேசுராஜ் சார் சாவியைத் திருப்பியிருந்தார்.

தகர ஷெட் அதிர்ந்தது. பதினோரு வருடத் தூசியைப் புகையாகக் கக்கிக்கொண்டு, கார் கம்பீரமாக உறுமியது.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "டேய், உனக்கு முப்பத்தொண்ணு போட்டதுக்கு நான் வெக்கப்படுறேன்டா!" என்று கத்தினார். "பதினஞ்சு இல்ல, பதினெட்டு!"

இஞ்சினை அணைத்தபோது ஆன்சனுக்குத் தன்னையும் சேர்த்து அணைத்துவிடலாம்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு ஜாய்ஸ் வந்தாள். மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டு, ஆன்சனிடம் டம்ளரை நீட்டும் சாக்கில் குனிந்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"கை தானாப் பண்ணிருச்சு."

"வாய் மட்டும் தானா எதுவும் பண்ணாது! உள்ள என்ன நடக்குது தெரியுமா? அந்தம்மா யாரோ ஒரு பையனைப் பத்தி எங்கம்மாகிட்ட பேசுறாங்க. நம்ம சர்ச் பையன்தானாம். தங்கமானவனாம். அடுத்த மாசமே முடிச்சிரலாம்கிறாங்க. அம்மா தலையை ஆட்டுறாங்க ஆன்சன்!"

ஆன்சன் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினான். பாதிக் காபி நீலச் சட்டையில் இறங்கியது.

பழம், ஸ்வீட், பட்டுச் சேலை, விலை கேட்காத வியாபாரி. எல்லாம் இப்போது புரிந்தது. கார் பார்ப்பதுபோல வந்து பெண் பார்த்துவிட்டுப் போகிற கூட்டம். தூத்துக்குடி மாப்பிள்ளை இன்னும் தூத்துக்குடியில்தான் இருந்தான். இவன் யாரோ, ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டான்.

"என்ன தம்பி, இன்னும் ஏதாச்சும் பாக்கணுமா?" என்றார் வெள்ளைத்துரை. அவர் மீசைக்கடியில் சிரிப்பு ஒளிந்திருந்ததுபோல் இருந்தது.

"சேஸ் பாக்கணும்!"

சேஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. அதில் விரிசல் இருந்தால் யாரும் வண்டியைத் தொடமாட்டார்கள். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினான், டார்ச்சோடு அடியில் புகுந்தான். அங்குலம் அங்குலமாகத் தேடினான். ஒரு விரிசல். கடவுளே, ஒரே ஒரு விரிசல். இந்த மனிதர் கார் வேண்டாம் என்று கோபமாகக் கிளம்பினால், அந்தக் கோபத்தில் சம்பந்தப் பேச்சும் முறிந்துபோகாதா?

சேஸ் கல்போல இருந்தது. அவன் மூக்கில் மட்டும் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய் விழுந்தது.

அங்கிருந்து பார்த்தால் வெளியே கால்கள் மட்டுமே தெரிந்தன. காரின் மூக்குப் பக்கம் தள்ளி, சாரின் ரப்பர் செருப்பு. வெள்ளைத்துரையின் தோல் செருப்பு. ஜாய்ஸின் வெறுங்கால்கள். அவற்றை நோக்கி, மெட்டி ஒலிக்க இரண்டு கால்கள் நடந்து வந்தன, பின்னால் ஜோசபினின் கால்கள். முன்னால் வந்தவர் செல்லத்தாய்.

"மணி என்னங்க ஆச்சு?"

"நாலு இருவது."

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வச்சிருவோம். உங்களுக்குச் சம்மதந்தானே ஜோசபின்?"

"எனக்குச் சம்மதம். அவர்கிட்ட இப்பச் சொல்லிடுறேன்."

"இந்தா தாயி, தலையைக் காமி. பூ வச்சு விடுறேன்."

ஒரு மல்லிகை உதிர்ந்து ஜாய்ஸின் காலருகே விழுந்தது.

பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. கல்யாண நாள் மட்டும்தான் பாக்கி. ஆன்சன் எழ முயன்றான். புகைக் குழாயில் நெற்றி இடித்தது. உருண்டு வெளியே வந்தான். முகத்தில் எண்ணெய், தலையில் துரு, மார்பில் காபி.

"சார்! வைக்க விடாதீங்க சார்!"

பூவோடு உயர்ந்த செல்லத்தாயின் கை அப்படியே நின்றது.

"எதைடா?" என்றார் சார். "சேஸ்ல என்ன?"

"சேஸ் நல்லா இருக்கு சார்."

"பிறகு எதுக்குத் தரையில கிடந்து கத்துற? எந்திரிச்சு நில்லு! நேரா நின்னு சொல்லு!"

அந்தக் குரலுக்கு அவன் கால்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழகியவை. எழுந்து நின்றான். கைகளைக்கூடக் கட்டிக்கொண்டான். ஜாய்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு 'சொல்லு' என்று அசைந்தது.

"சார், காருக்குப் பதினெட்டு லட்சம் தாராளமா கிடைக்கும். நான் இதுவரைக்கும் சொன்ன குறையெல்லாம் உண்மைதான், ஆனா சத்தமாச் சொன்னது தப்பு. இவங்க இந்தக் காரை எடுத்துட்டுப் போகட்டும். இன்னும் நாலு கார் எடுத்துட்டுப் போகட்டும். ஆனா..."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆனா?"

"ஜாய்ஸை எனக்குக் குடுங்க சார். நாலு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு..."

ஜோசபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளைத்துரையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

செல்லத்தாய்தான் இடுப்பில் கைவைத்து அவனைப் பார்த்தார். "அட, எங்க ஊரு உசிலம்பட்டியில டீச்சரா இருக்க உங்கம்மாதானப்பா, 'நீலச் சட்டை போட்டிருக்கவந்தான் எம்மகன், அவனுக்கு ஜாய்ஸைக் கேட்டுப் பூ வச்சிட்டு வாங்க'ன்னு எங்களை அனுப்பி வச்சாங்க, எங்களுக்கு எதுக்கு இந்த ஓட்டைக் காரு!"