அம்புக்குறி அண்ணனின் பன்னிரண்டாவது கை

ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு வாணியம்பாடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கடவுளே எதிரில் வந்தாலும் நிறுத்தி, திருப்பிப் பார்த்து, முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பக்கூடிய ஒரே மனிதரை அன்று மாலைதான் சந்தித்தேன்.

பின்னால் வந்த மொபெட் பக்கத்தில் நின்றது.

"இன்னா தம்பி, பைல தொங்குதே மப்ளரு, யாரு பின்னுனது?"

"நான்தான்."

"நடுவுல ஒரு கண்ணி நழுவியிருக்கு. ஏறு வண்டில."

என் பெயரை அவர் கேட்கவில்லை. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவருக்கு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் வேலை. தோலில் கீறல் இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஒட்டவேண்டும். முப்பது வருடம் ஒட்டியவருக்குக் கம்பெனிக்கு வெளியே நிறுத்தத் தெரியவில்லை. கேன்டீன் இட்லியில் ஒட்டுவார். நின்றிருக்கும் பஸ்ஸின் நசுங்கலில் ஒட்டுவார். ஒருமுறை சர்ச்சில் போதகரின் அங்கி மடிப்பில் ஒட்டிவிட்டார். போதகர் அந்த ஸ்டிக்கரோடேயே பிரசங்கத்தை முடித்தார். ஊரே இவரை அம்புக்குறி அண்ணன் என்றுதான் கூப்பிட்டது.

நான் ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. குன்னூரில் வாட்ச்மேனாக இருந்தபோது தூக்கம் வராமலிருக்கப் பின்னக் கற்றுக்கொண்டேன். அந்த மப்ளரில் வேலை பார்த்த ஊருக்கு ஒரு நிறம். ஆறு நிறம் ஆகியும் அது முடியவில்லை. அண்ணன் தன் வீட்டு வாசலில் அதை விரித்து விரலால் தடவினார்.

"இங்க கை இறுகியிருக்கு. யாரோட சண்ட?"

"கலவை ஊர்ல, மேஸ்திரியோட."

"இங்க லூசு. சாப்பாடு கம்மியா?"

"வாலாஜாபேட்டைல. ரெண்டு நாள் சாப்பாடே இல்ல."

இரண்டு இடத்திலும் அம்புக்குறி ஒட்டினார். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார்.

சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் மகள் எஸ்தர் வேலூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். அவள் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த அன்றே இவர் யூடியூப் பார்த்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். அவள் மூன்று பரீட்சை பாஸாகிவிட்டாள். ஸ்வெட்டர் இன்னும் பாஸாகவில்லை. உடல் பாகம் தயார். இடது கையைப் பதினோரு முறை பின்னிப் பதினோரு முறையும் பிரித்திருந்தார். வலது கையைத் தொடவே இல்லை. இடது பாஸாகாமல் வலதை லைனில் விடக்கூடாதாம், கம்பெனி வழக்கம்.

அன்று வியாழன்.

"பன்னெண்டாவது கை முடிஞ்சிடுச்சு," என்று நீட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் விரல் அதற்குள் பிரிப்பதற்கு முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது.

எஸ்தர் வாசற்படியில் நின்று பார்த்தாள். "ப்பா, நீ பிரிக்கறதப் பாத்தா, இது முடியற வரைக்கும் நான் போமாட்டேன்னு நெனக்கற மாதிரி இருக்கு."

"கண்ணி தப்பா இருக்குது ம்மா. இன்னா பண்றது?" என்றார், நிமிராமல்.

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்வெட்டரின் இடது கையைப் பிடுங்கி மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்படியே வலது கையை ஆரம்பித்தேன். மூன்று நாள் அதன்மேல்தான் உட்கார்ந்தேன். படுத்தால் அது தலைக்கடியில். அண்ணன் பக்கத்தில் ஸ்டிக்கர் ரோலோடு காவலிருந்தார்.

"எழுந்திரிடா கொஞ்சம், பேஜார் பண்ணாத. ஒரே ஒரு வரி பாத்துட்டுத் தரேன்."

"ஞாயித்துக்கெழம பாருங்கண்ணே."

வாழ்க்கையில் ஒரு வேலையை நான் கடைசிவரை முடித்தது அதுதான் முதல் தடவை. ஞாயிறு மதியம் கைகளை உடலோடு சேர்த்துத் தைத்தோம். வாசலில் கார் நின்றது. அனல் வெயில். எஸ்தர் அந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். என் கை இறுக்கம். வலது கை இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது.

அண்ணன் ஒரு அம்புக்குறியை உரித்தார். "கைய நீட்டும்மா."

நீட்டினாள்.

"வாட்சு வெளிய தெரியுது."

"தெரியட்டும் ப்பா. இதுல நம்ம ஊரு மணிதான். மாத்தமாட்டேன்."

உரித்த ஸ்டிக்கர் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் தன் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டார். அவளை ஏறச் சொல்லிவிட்டு, கார் கதவை அவரே சாத்தினார். ஏர்போர்ட் வரை கூடப் போக இடமிருந்தும் அவர் ஏறவில்லை.

மறுநாள் காலை என்னைக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். "பையன் கை இறுக்கம். ஆனா எடுத்தா முடிப்பான்," என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். பேக்கிங் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் குறை பார்ப்பவர், அன்று முந்தின நாள் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பையின் மேல் அந்தச் சிவப்பு அம்புக்குறி அப்படியே இருந்தது. சாயங்காலம் வரை கம்பெனியில் ஒருவரும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.