பவர் இல்லாத ஜோக்

“இப்பதாங்க பளிச்சுனு இருக்கு,” என்றார் கணக்கு வாத்தியார். “முன்னாடி போட்டது ஒரே மங்கல்.”

முன்னாடி போட்டதும் இப்போது போட்டதும் ஒரே லென்ஸ்தான். எடுத்தேன், ஊதினேன், திரும்பச் சொருகினேன். என் கண்ணாடிக் கடையில் இது நான் அடிக்கடி செய்கிற வேலை. சிலர் எழுத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பாவம், இந்த ஆள் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். இரக்கத்தால் பார்வை தெளிகிறவர்கள். அவர்களை நம்பிப் பவர் எழுதினால் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

அப்போதுதான் என் மனைவியின் ஞாபகம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என் ஜோக்குகளுக்குச் சிரித்துவருகிறாள். வேறு யாரும் சிரிப்பதில்லை. மச்சான் கொட்டாவி விடுவார். மகள் தட்டோடு எழுந்து போய்விடுவாள். அவர்களுக்கு ரசனை போதாது, இவளுக்கு நிறைய இருக்கிறது என்பது என் தீர்ப்பு. ஒருவேளை இவளும் வாத்தியார் வகையோ? இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதி, அடித்துத் திருத்தினேன்.

முடிவு செய்தேன். பவரே இல்லாத ஒரு ஜோக்கை அவளுக்குப் போட்டுப் பார்த்துவிடுவது.

மாலை சமையலறையில் டீ கொடுத்தாள். சந்தேகம் வராமலிருக்க முதலில் தாராளமாக ஐஸ் வைத்தேன்.

“டீ பிரமாதம்.”

“அப்படியா?”

“இந்த மாதிரி நீ போட்டதே இல்ல.”

“சரி, ஜோக்கைச் சொல்லுங்க.”

“ஜோக் இருக்குனு எப்படித் தெரியும்?”

“டீயைப் புகழ்ந்தா வேற என்ன?”

ஆரம்பித்தேன். “ஒருத்தன் குடை வாங்கக் கடைக்குப் போனான். விலை கேட்டான். கடைக்காரர் சொன்னார்.” இங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முத்தாய்ப்புக்கு முன்னால் அப்படி ஓர் இடைவெளி விடுவது என் பாணி. “வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்,” என்று முடித்துக் கண்ணடித்தேன்.

சிரித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

“அதுல ஜோக்கே இல்ல,” என்றேன்.

“டீயில சர்க்கரையே இல்ல.”

இன்னொரு வாய் குடித்தேன். இல்லைதான்.

“போட மறந்துட்டேன். நீங்க சொல்வீங்கனு பாத்தேன்.”

“நான் பொய் சொன்னது இன்னிக்கு ஒரு நாள். நீ இத்தனை வருஷமா பொய்யா சிரிச்சிருக்க.”

“பொய்யா நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல.”

“குடை வாங்கினதுல என்ன சிரிப்பு?”

“குடையா? நான் கதையை எங்க கேட்டேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கண்ணாடியைக் கழட்டினா நான் எங்க இருக்கேன்னே உங்களுக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கம் நிப்பேன். நீங்க ஃப்ரிட்ஜைப் பாத்து முடிப்பீங்க. இப்பவும் அதுகிட்டதான் கண்ணடிச்சீங்க.”

“எப்பவுமா?”

“மொத வருஷம் பீரோ. அதுகிட்ட ‘எப்படி’னு வேற கேட்டீங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கழட்டாமலே சொல்வீங்களே.”

மானம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடியை மூக்கோடு அழுத்திக்கொண்டேன். அவளை நேருக்கு நேர் பார்த்து, கைவசமிருந்ததிலேயே சிறந்த ஜோக்கைச் சொன்னேன். மச்சானையே ஒருமுறை கொட்டாவியின் நடுவில் நிறுத்திய ஜோக்.

அவள் கவனமாகக் கேட்டாள். முதல்தடவையாகக் கேட்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது.

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள், அச்சு அசல் வாத்தியாரின் குரலில்.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் டம்ளரை வாங்கிச் சர்க்கரை போட்டாள். கரண்டி டம்ளரில் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“ஒருத்தன் டாக்டர்கிட்ட போனானாம்,” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.