நூற்று நாற்பத்து மூன்று இடங்கள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். என் வேலைதான் சுகமில்லை.

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பத்தொன்பது வருஷமாக நான்தான் கட்டி மேய்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தார்கள். மூன்றாம் நாளே என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சார், வாடிக்கையாளர் முகவரிய டேட்டாபேஸ்லேர்ந்து எடுக்கிற வரிய நூத்து நாப்பத்தி மூணு இடத்துல எழுதியிருக்கீங்களே, ஏன்?" என்றாள். நானே எண்ணியதில்லை அக்கா, இவள் எதற்கு எண்ணுகிறாள்? "ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தேவைப்பட்டுச்சும்மா" என்றேன். "எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துடலாம் சார். எந்த ஸ்கிரீனா இருந்தாலும் அங்க வந்துதான் கேக்கணும். நாளைக்கு ஏதாவது மாத்தணும்னா அங்க மட்டும் மாத்தினாப் போதும்" என்று தேனொழுகப் பேசினாள். எது எங்கே கிடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருப்பதால்தானே என்னை இத்தனை வருஷம் வைத்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வதையெல்லாம் நோட்டில் வேறு எழுதிக்கொள்கிறாள். தும்மினால்கூடப் பேனா அசைகிறது. நேற்று மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேச்சு. தண்ணி பிடிக்கிற சாக்குல நாலு தடவை அந்தப் பக்கம் போனேன், கண்ணாடி வழியா வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது. வெளியே வந்தவ "சாப்பிட்டீங்களா சார்?"னு கேட்டா பாரு, நாளைக்குக் கழுத்தறுக்கப் போறவதான் இன்னிக்கு இப்படி விசாரிப்பா. அத்தான் ஆபீசில் ஆள் எடுக்கிறார்களா என்று, எனக்காக என்று சொல்லாமல், ஜாடையாகக் கேட்டு வை.

அத்தானுக்கு என் வணக்கம், சின்னவளுக்கு என் ஆசி. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உன் முழங்கால் வலி குறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி.

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் இன்று காலை புகார் பதியும் ஸ்கிரீன் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார், எங்களுக்கோ எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. அவள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாள்: முகவரி இருக்கும் இடத்தை நேற்று அவள் மாற்றியிருக்கிறாள்; எல்லா ஸ்கிரீனும் புது வழியில் போக, இது மட்டும் பழைய வழியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் மாற்றிவைத்த அந்த வரியை மறுபடி பழையபடியே எழுதியவன் நான்தான் அக்கா. ஒன்றாவது என் கையில் இருக்கட்டும் என்று முந்தாநாள் ஒளித்து வைத்தேன். யார், எப்போது மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும்; அந்த வரியின் மேலேயே என் பெயரும் தேதியும் இருந்தன. அவள் பார்த்தாள், அவள் பார்ப்பதை நானும் பார்த்தேன். மேனேஜர் ஓடிவந்து "யாரு வேலை இது?" என்றார். "நாங்க ஒண்ண விட்டுட்டோம் சார், இப்ப சரி பண்ணிட்டோம்" என்றாள். பெரியவரையும் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அதனால் அத்தானிடம் எதுவும் கேட்காதே. ஆனால் என்னை எதற்காகக் காப்பாற்றினாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.