மண்ணூர் பட்டிமன்றத்தில் உலகச் சந்தை

உலகப் பொருளாதாரம் பற்றி எனக்கு ஒரு காலத்தில் எல்லாமே தெரியும். சரியாகச் சொன்னால், 1991ஆம் வருஷத்து ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷமாக மண்ணூரில் சும்மா இருந்தேன். (எங்கள் வீட்டில் இதற்கு 'பரீட்சைக்குப் படிக்கிறான்' என்று பெயர்.) அப்பா சுங்குவார்சத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். "கடையில வந்து குந்துடா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் ஸ்ரீபெரும்புதூர் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். பஞ்சர் ஒட்டுவதற்கென்று படைக்கப்பட்ட கை அல்ல என்னுடையது என்று உறுதியாக நம்பினேன்.

அந்த ஜூலையில்தான் ரூபாயின் மதிப்பை மூன்று நாளில் இரண்டு தடவை குறைத்திருந்தார்கள். இறக்குமதி, லைசென்ஸ், அந்நிய முதலீடு என்று எல்லாவற்றிலும் விதிகள் மாறிக்கொண்டிருந்தன. நூலகத்து ஆங்கிலப் பத்திரிகையில் தினமும் இரண்டு நிபுணர்கள் எழுதினார்கள். நாடு பிழைத்துவிடும் என்பார் ஒருவர், ஒழிந்தோம் என்பார் இன்னொருவர். நான் பிழைத்துவிடும் கட்சி. அதற்குக் காரணம் கொள்கை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரை ஒட்டி, வெளிநாட்டுக் கூட்டோடு கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அதில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு ஒரே ஓர் இடம். நான் மனுப் போட்டிருந்தேன். ஆடித் திருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை இன்டர்வியூ என்று கார்டும் வந்துவிட்டது.

திருவிழாவில் இரவு தெருக்கூத்து, அதற்கு முன்னால் மாலையில் பட்டிமன்றம். தலைப்பு, 'புதிய பொருளாதாரக் கொள்கையால் நாடு வாழுமா, வீழுமா?' (போன வருஷத் தலைப்பு 'குடும்பத்தில் பெரியவர் மாமியாரா, மருமகளா?' ஊர் முன்னேறிக்கொண்டுதான் இருந்தது.) மைக் செட்டும் சீரியல் பல்பும் அந்த ரப்பர் கம்பெனியின் உபயம் என்பதால், அதன் பர்சனல் மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். திங்கட்கிழமை இன்டர்வியூ நடத்தப் போகிறவரும் அவரே. 'வாழும்' அணிக்குத் தலைவர் நான்.

என் கணக்கு எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என் பேச்சைக் கேட்டு மயங்குவார், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவார். இதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினேன். நிபுணர்களின் கருத்துகளைத் தமிழில் எழுதி, நடுநடுவே எனக்கான குறிப்புகளையும் சிவப்பு மையில் சேர்த்தேன். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, எங்கே மேனேஜரைப் பார்ப்பது எல்லாம் அதில் இருந்தன.

மேடையேறப் பத்து நிமிஷம் இருக்கும்போது செய்தி வந்தது. 'வீழும்' அணித் தலைவருக்கு மெட்ராஸ் ஐ. கண்ணைத் திறக்க முடியாமல் வாலாஜாபாத்தில் படுத்திருக்கிறாராம்.

நடுவராக வந்திருந்த காஞ்சிபுரத்துப் பேராசிரியர் கொஞ்சமும் பதறவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றார்.

"ஐயா, நான் வாழும்னு தயார் பண்ணியிருக்கேன்."

"வாழும்னு தெரிஞ்சவனுக்கு வீழும்னு சொல்லத் தெரியாதா? பேச்சாளனுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் அதுதான் தம்பி சொந்தப் பக்கம்."

காலியான என் இடத்துக்குக் கூட்டத்தில் இருந்த தனபாலை இழுத்து வந்தார்கள். தனபால் என்னோடு பி.காம். படித்தவன், அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தவன். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே வியர்த்துவிடும் அவனுக்கு.

"டேய் ஏகாம்பரம், எனுக்கு இன்னாடா தெரியும்? நா வூட்டுக்குப் போறேன்டா" என்றான்.

அவனைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. என் நோட்டை எடுத்து நீட்டினேன். "இத அப்டியே பட்ச்சிடு, போதும்" என்றேன். பெருந்தன்மையால் செய்தேன் என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், அவன் எப்படிப் படித்தாலும் என் வேலைக்கு ஆபத்தில்லை என்ற அலட்சியம்தான்.

தனபால் தலையை நிமிர்த்தாமல் முதல் வரியிலிருந்து படித்தான். ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, உலகச் சந்தையில் நமது பங்கு எல்லாவற்றையும் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடும் குரலில் படித்தான். சிவப்பு மையில் இருந்ததையும் விடவில்லை. "ஆகவே பெரியோர்களே, உலகத் தரம் நம்மைத் தேடி வருகிறது. இங்கே நிறுத்தி மேனேஜரைப் பார்த்துச் சிரிக்கவும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, நிறுத்தி, மேனேஜரைப் பார்த்துச் சிரித்தான். கூட்டம் குலுங்கியது. மேனேஜரும் சிரித்துவிட்டார்.

அடுத்து என் முறை. சுமாராகப் பேசித் தோற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊரில் கொஞ்சம் கேவலப்படலாம், வேலை முக்கியம். "அந்நிய நிறுவனங்களால் சில நன்மைகள் இருப்பினும், ஒருசில சிரமங்களும் ஏற்பட வாய்ப்புண்டு" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாபா இது, உப்பு இல்லாத கூழு மாதிரி பேசிக்கினு கீற!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அங்கேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ரோஷம் வந்துவிட்டது.

"மூணு நாளில் ரெண்டு தடவை ரூபாயைக் குறைத்தார்கள். நம்ம பஸ்ஸில் பாக்கெட் அடிக்கிறவன்கூட ஒரு பயணத்துக்கு ஒருமுறைதான் அடிப்பான்!" என்றேன்.

விசில் பறந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விசில். அது காதில் விழுந்த பிறகு இன்டர்வியூ, வேலை, சைக்கிள் கடை எதுவும் என் நினைவில் இல்லை. நோட்டில் நானே மறுப்பதற்காக எழுதி வைத்திருந்த வாதங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். மெஷின் அங்கிருந்து வரும், லாபம் அங்கே போகும், நமக்குப் புகைதான் மிச்சம் என்றேன். "போன வருஷம் வரைக்கும் நம்ம மாடு மேய்ந்த இடத்தில், இன்றைக்கு ஒரு வாட்ச்மேன் நின்றுகொண்டு மாட்டிடம் கேட்-பாஸ் கேட்கிறான்!" என்றேன். (அப்படி ஒரு வாட்ச்மேன் கிடையாது. அந்த நிமிஷத்தில் மேடையிலேயே நான் வேலைக்கு எடுத்தவர்.) பெண்கள் பக்கத்திலிருந்தும் கைதட்டல் வந்தது. என் தங்கை கஸ்தூரி எழுந்து நின்று தட்டினாள்.

முத்தாய்ப்பாக ஒன்று சொல்ல வேண்டுமே. "இன்றைக்கு விருந்தாளி என்று வந்து சோபாவில் உட்காருவார்கள். நாளைக்கு நாம் எழுந்து நிற்போம், அவர்கள் உட்கார்ந்தேயிருப்பார்கள்!" என்று கையை நீட்டினேன்.

பொதுவாகத்தான் நீட்டினேன். ஆனால் அந்த மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு சோபா. ஊரே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் பன்னீர் சோடாவைப் பாதி குடித்தபடி, எழுந்திருப்பதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தார்.

நடுவர், நாடு வாழும் என்றும் ஆனால் பார்த்து வாழ வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். சிறந்த பேச்சாளர் நான்தானாம். பொன்னாடை போர்த்த வேண்டியவர் சிறப்பு விருந்தினர்.

மேனேஜர் மேடையேறிப் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, என் காதருகே மெதுவாக, "நல்லா பேசுறீங்க. நாளைக்கு இன்டர்வியூ லிஸ்ட்ல ஏகாம்பரம்னு ஒரு பேர் பார்த்தேன். நீங்கதானா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. இரண்டு கையையும் கூப்பினேன். "சார், அது அணிக்காகப் பேசினது சார். என்னை மாத்திப் போட்டுட்டாங்க சார். எனக்கு வெளிநாட்டுக் கம்பெனின்னா உயிர் சார். வாட்ச்மேன் பொய் சார். இந்த வேலை கெடைக்கலன்னா எங்கப்பா பஞ்சர் ஒட்ட வச்சிருவார் சார்" என்றேன்.

மைக் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அதை அணைக்கவில்லை என்பது, வேப்ப மரத்து ஸ்பீக்கரிலிருந்து என் கடைசி 'சார்' திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. பிறகு எழுந்த விசிலுக்கு முன்னால், நான் பேச்சுக்கு வாங்கிய விசில் ஒன்றுமே இல்லை. தெருக்கூத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அரை அரிதாரத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் நானும் தனபாலும் ஒரே சைக்கிளில் இன்டர்வியூவுக்குப் போனோம். நான்தான் மிதித்தேன். அவன் உள்ளே அரை மணி நேரம் இருந்தான். "உலகச் சந்தை பத்தி உங்க கருத்து ரொம்பத் தெளிவா இருந்தது" என்றாராம் மேனேஜர். தனபால் பொய் சொல்லத் தெரியாதவன். "நோட்ல இருந்திச்சு சார், பட்ச்சேன்" என்றிருக்கிறான். எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் செய்கிறவன்தான் ஸ்டோர்ஸுக்கு வேண்டும் என்று சொல்லி, அங்கேயே அவனை எடுத்துக்கொண்டார்.

என்னிடம் ஒரே கேள்விதான். "அந்த வாட்ச்மேன் எந்த ஷிஃப்ட்?"

திரும்பும்போதும் நான்தான் மிதித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு வந்ததை முதுகாலேயே உணர முடிந்தது. வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பாதி வழி வரைக்கும் அவனோடு பேசவில்லை. அதற்கப்புறம் சங்கிலி கழன்றுவிட்டதால் பேச வேண்டியதாயிற்று. (மாட்டியவன் நான். கை அதற்கென்று படைக்கப்பட்டதுதான் போலிருக்கிறது.)

ஆறு மாதம் அப்பாவின் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டுடோரியலில் காமர்ஸ் வாத்தியாரானேன். தனபால் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரான வருஷம் கஸ்தூரியைப் பெண் கேட்டு வந்தான். கம்பெனி மாப்பிள்ளை என்று அப்பா இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் டிவியில் பட்ஜெட் ஓடினால் தனபால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மச்சான், இந்த வாட்டி எந்த அணி?" என்று கேட்பான். பிள்ளைகள் சிரித்து முடிக்கும் வரை நிதியமைச்சர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்.

தனபாலின் மகன் வேலைக்குப் போனபோது, நாட்டின் பொருளாதாரம் பற்றி நான்கு பக்கம் என்னிடம்தான் எழுதி வாங்கிப் போனான். போன வருஷம் தனபாலின் மகளுக்கு ஒரகடத்தில் இன்டர்வியூ. அவளுக்கும் எழுதிக் கொடுத்தேன். துணைக்கு கேட் வரைக்கும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

கஸ்தூரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எழுதிக் குடுத்தியே, அதே போதும்ணா. நீ வூட்லயே இரு."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சாயங்காலமே வேலை உறுதி என்று போன் வந்தது. ஆக, என் கருத்துகள் எங்கள் குடும்பத்தில் இதுவரை மூன்று பேரை வேலையில் அமர்த்தியிருக்கின்றன. அந்த மூன்று பேரில் நான் இல்லை.