கேமராவின் மேல் விழுந்த துண்டு

வாயைத் திறந்து விலை சொல்லாமலேயே வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்த மனிதர் வேலூர்ப் பக்கத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் துண்டு பாய். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட லுங்கி, தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பயிற்சியில் சேர வந்தபோது கேட்டேன். "துண்டு பாய்னே போட்டுக்கோ சார், போஸ்ட்மேனே அப்டித்தான் கூப்புடுவாரு" என்றார். அப்படியே போட்டுக்கொண்டேன்.

பயிற்சி என்றால் என்ன பயிற்சி என்று சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அப்போது எனக்கு வேலை. பஸ் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஊர்களில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு, செல்போன் வழியாகவே தொழிலை வளர்க்கச் சொல்லித்தருவோம். பெங்களூரிலிருந்து நிபுணர்கள் திரையில் தோன்றுவார்கள். வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி, விலை வைப்பது எப்படி, பெரிய ஆளிடம் நாலு நிமிஷத்தில் சரக்கைப் பற்றிப் பேசி முடிப்பது எப்படி என்று பாடம் நடக்கும். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு, "மைக்க ஆஃப் பண்ணுங்க, மைக்க ஆஃப் பண்ணுங்க" என்று தொண்டை வறளக் கத்துவது என் உத்தியோகம்.

பாயின் ஊர் பேரணாம்பட்டைத் தாண்டி, ஆந்திரா மலையை ஒட்டி இருக்கிறது. அங்கே சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர் டேங்கின் படிக்கட்டு. மேல்படியில் போனும் கையுமாக பாய், கீழே படிக்கு ஒருவராகப் பெண்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் தோலை வாங்கி, மாடு விடும் விழாக் காளைகளுக்குச் சலங்கை கோத்த கழுத்துப்பட்டை தைக்கிறவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி செல்வி. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள். குழந்தை பிறந்த பிறகு, இருட்டோடு வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டாள். தைப்பது பெண்கள், விற்பது பாய். பொய்கை சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர் என்பதால், அவருக்குத் தெரியாத காளைக்காரர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிஷம் அறிமுகம். பாய் தன் நிமிஷத்தை நிபுணரைப் பற்றி விசாரிக்கவே செலவழித்தார். "இன்னா தம்பி, இப்டி எளச்சிப் போயிருக்கே? கல்யாணம் ஆச்சா?" ஆகவில்லை என்று அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லித் தொலைத்தது. குடியாத்தத்தில் ஒரு நல்ல குடும்பம் இருப்பதாக பாய் ஆரம்பித்தார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் நானே இங்கிருந்து அவர் மைக்கை அணைத்துவிட்டேன். அடுத்த நொடி போன் வந்தது.

"சார், வாய மூடுன்னு சொல்லணும்னா நேரா சொல்லு. எதுக்கு மிஷின உட்டு சொல்றே?"

அதற்குப் பிறகு அவரை அணைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. டேங்கின் அடியில் மேய்ந்த சேவல் ஒன்று எல்லா வகுப்பிலும் தவறாமல் கலந்துகொண்டது.

விலைப் பாடம் முடிந்ததும் வீட்டுப்பாடம் கொடுத்தோம். அவரவர் சரக்கின் விலையை வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும். எல்லோரும் விலையைப் போட்டார்கள். பாய் ஒரு ரோஜாப்பூ படம் போட்டார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெலைய குரூப்புல போடறதா? அத்தினி பேரு பாக்குறாங்க! இன்னா பேச்சு சார் பேசறே? நேர்ல வர்றேன், இரு."

நிஜமாகவே வந்தார். பஸ் மாறி, உச்சி வெயிலில் மாடி ஏறி, உட்காரக்கூடச் செய்யாமல் என் கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறை அது. துண்டுக்கு அடியில் எந்த விரல்களைப் பிடித்து அழுத்துகிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு மூச்சுக்கூடக் கேட்காது.

"புரிஞ்சுதா?"

"இல்ல பாய். கூசுது."

"ஆபீஸ் கை சார் இது. மறுபடி புடிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே வந்தார். துண்டுக்குள் கைகோத்து நிற்கும் இரண்டு பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டார்.

டீ வாங்கிக் கொடுத்து அந்தக் கணக்கை முழுசாகக் கற்றுக்கொண்டேன். "வெரலே புடிக்காம கைய மட்டும் புடிச்சா?" என்று ஒரு சந்தேகம் கேட்டேன்.

"எனக்கு தரகே வாணாம்னு அர்த்தம். அப்டி நான் யாரையும் புடிச்சதில்ல சார். நான் இன்னா பைத்தியமா?" என்று வாய் விட்டுச் சிரித்தார்.

மாடு விடும் விழாக்கள் முடிந்துவிட்டால் பட்டையை யாரும் சீந்தமாட்டார்கள். அடுத்த தை வரை மிஷின் சும்மா கிடக்கும். அதற்கு செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே பட்டையைச் சின்னதாக்கி, சலங்கையைக் குறைத்து, வீட்டு நாய்க்கு. பாய் கொதித்துப்போனார். "காள போட்டத நாய் போடறதா?" என்று சண்டை போட்டார். பிறகு வழிக்கு வந்தார்.

பயிற்சியின் கடைசி நாளில் சரக்கு வாங்குகிறவர்கள் திரையில் வருவார்கள். நாய் சாமான்களை ஆன்லைனில் விற்கும், தமிழ் தெரிந்த பெங்களூர் அம்மா ஒருவரும் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க ஆர்டர்.

"இது அமையலன்னா கொழந்தய எங்கம்மாகிட்ட உட்டுட்டு மறுபடி கம்பெனி பஸ்ஸுதான் சார். அது இப்பத்தான் என் மூஞ்சி பாத்து சிரிக்குது" என்றாள் செல்வி.

அந்த நாளும் வந்தது. பாய் பிரமாதமாகப் பேசினார். "அமெரிக்காக்காரன் காலுக்கு போவ வேண்டிய தோலு மா இது. உங்க நாய் கழுத்துக்கு வருது. நாய்க்கு யோகம்!" அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பட்டையை வளைத்துக் காட்டச் சொன்னார், இழுத்துக் காட்டச் சொன்னார். எல்லாம் கூடிவந்தது. கடைசியில் கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"ஒரு பட்டை என்ன விலை?"

பாய் நெளிந்தார். "எல்லாரும் இருக்காங்களே மா."

"பரவால்ல, சொல்லுங்க."

பாய் தோளிலிருந்து துண்டை எடுத்தார். போன்மேல் போட்டார். கையையும் உள்ளே விட்டார். திரை இருட்டாகிவிட்டது. குரல் மட்டும் வந்தது. "பாருங்க மா. இது ஒண்ணு. இதுல பாதி. தெரியுதா?"

"அங்க கரன்ட் போயிடுச்சா?" என்றார் பெங்களூர் அம்மா.

"பாய், துண்ட எடு பாய்! பேஜார் பண்ணாத பாய்!" என்று கீழ்ப்படியிலிருந்து செல்வி கதறினாள். சேவல் கூவியது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த குழு காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் பிரித்துத் தனி அறைக்கு அனுப்ப, நாங்கள் வகுப்பு நடத்தும் ஆப்பில் வசதி உண்டு.

"பாய்! உங்களையும் அந்தம்மாவையும் மட்டும் தனி ரூம்ல உடறேன். நான்கூட கேக்கமுடியாது. துண்டுக்குள்ள இருக்கற மாதிரியே!"

"சத்தியமா?"

"சத்தியமா."

"மொதல்லயே சொல்றதுதானே? இத உட்டுட்டு இத்தினி நாளு இன்னா பாடம் நடத்தினே?" என்றபடி துண்டை எடுத்தார். செல்வியைக் காது கேட்காத தூரத்துக்கு இறக்கிவிட்டு உள்ளே போனார்.

வெகுநேரம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "விரல் கணக்கு சொல்லிக்கொடுத்துட்டார். வருஷம் முழுக்க எடுத்துக்கிறேன்" என்றார். செல்வி படியேறி ஓடிவருவது திரையில் தெரிந்தது.

"எவ்ளோ பாய்? எவ்ளோ?"

பாய் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். "வூட்ல சொல்றேன் மா."

அடுத்த வாரம் பெங்களூர் அம்மா போனில் பேசும்போது, தான் அடித்துப் பேசி நிறையக் குறைத்துவிட்டதாகச் சொல்லிப் பெருமைப்பட்டார். செல்வியைக் கேட்டால், கேட்ட கூலி அப்படியே கிடைத்துவிட்டது என்று குதித்தாள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் பிடிபடவில்லை. சான்றிதழ் வாங்க பாய் ஆபீஸுக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"இதுல உங்க தரகு எவ்ளோ பாய்?"

பாய் வாசலைப் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் இல்லை என்று நிச்சயமானதும், என் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டார். எந்த விரலை அழுத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு விரலையும் தொடவில்லை. காய்ப்பேறிய அந்தக் கை, என் உள்ளங்கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

"புரிஞ்சுதா சார்?"

நன்றாகவே புரிந்தது. ஆனால் அந்தக் கையை விட மனசு வரவில்லை.

"இல்ல பாய், புரியல" என்றேன்.

"ஆபீஸ் கை" என்று அலுத்துக்கொண்டு, மறுபடி பிடித்தார்.