லிஃப்டில் கூடிய பொதுக்குழு

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மாமாவுக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். தாங்களும் அத்தையும் அங்கே நலமாகவும், கூடுமானவரை கோபமில்லாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். நேற்று சனிக்கிழமை தங்கள் திருமணப் பொன்விழா விருந்தில் மூத்த மாப்பிள்ளையின் நாற்காலி காலியாகக் கிடந்ததைச் சொந்தபந்தம் மொத்தமும் பார்த்திருக்கும். இளைய மாப்பிள்ளை அதில் தன் கோட்டைக் கழற்றி மாட்டியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் ஒரு ரயிலைக்கூடத் தாமதமாக அனுப்பாத தங்களுக்கு, வராமலே போன மாப்பிள்ளை என்ன காரணம் சொன்னாலும் அது சாக்காகத்தான் படும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

நான் பங்குக் கோயிலில் இளைஞர் பணியாளனாக இருப்பது தாங்கள் அறிந்ததே. "அப்படின்னா என்ன வேலை?" என்று பெண் கேட்டு வந்த அன்றே தாங்கள் கேட்டீர்கள், நானும் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. பந்தாட்டம், பாட்டு, முகாம், பரீட்சையில் தோற்றவனுக்கு ஆறுதல், காதலில் தோற்றவனுக்கு டீ, இரண்டிலும் ஜெயித்தவனுக்கு புத்திமதி, இதுதான் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. கத்தோலிக்க இளைஞர் பணியாளர் சங்கம். இந்தச் சங்கத்தில் இரண்டு வருஷமாக நடந்த ஒரே விவாதம் அதன் பெயரைப் பற்றித்தான். இளைஞர் பணியாளர் என்றால் இளைஞருக்காகப் பணி செய்பவரா, இளைஞராக இருந்து பணி செய்பவரா? இரண்டாவது அர்த்தம்தான் சரி என்றால் சங்கத்தில் ஒரு ஈ காக்கா மிஞ்சாது, எங்கள் பொருளாளரம்மாவுக்குப் பேரனே பள்ளிக்கூடம் போகிறான். சரி, அப்படியானால் 'கத்தோலிக்க' என்கிற சொல் இளைஞரோடு சேருமா, பணியாளரோடு சேருமா என்று அடுத்த கேள்வி. இதைக் கிளப்பியவர் செயலாளர். உட்கார்ந்தால் விதி, எழுந்தால் விதி, தும்மினால்கூட எந்த விதிப்படி என்று பார்ப்பவர். அதனால் அவருக்கு விதியண்ணன் என்றே பெயர். எங்கள் தலைவிதியும் அவர்தான்.

நான் இந்தச் சங்கத்தின் தலைவரான கதையை உங்கள் மகளிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. போன மாதக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காவலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கேட்டை மறிச்சு யாரோ ஸ்கூட்டரை விட்டிருக்காங்க, தண்ணி வண்டி உள்ள வர முடியல" என்றார். என் ஸ்கூட்டர்தான். பதறி எழுந்தேன். அதே நேரத்தில் மேடையில் விதியண்ணன், "தலைவர் பொறுப்பை ஏற்க முன்வருகிறவர் எழுந்து நிற்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். நான் வெளியே போய் வண்டியை நகர்த்திவிட்டு வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். தண்ணீர் வண்டிக்கு வழிவிட்டதற்கா இவ்வளவு கைதட்டல் என்று நானும் கும்பிட்டேன். அந்தக் கும்பிடுதான் ஏற்புரையாக எழுதப்பட்டது.

சரி, பதவிதானே, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று இருந்தவனுக்கு முதல் வாரமே ஒரு சிக்கல். விசில் என்று ஒரு பெண் எங்கள் உறுப்பினர். இருநூறு பிள்ளைகளை ஒரே ஊதலில் வரிசையில் நிறுத்துவாள், அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷமாக ஒரே பங்கில் வேலை செய்கிறாள். அங்கே புதுப் பங்குத்தந்தை வந்தார். வந்த மூன்றாம் வாரம், "அடுத்த மாசத்துலேர்ந்து வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது. அவள் என்னிடம் வந்து அழவில்லை, மாமா. "அண்ணே, முகாமுக்கு எழுபது பிள்ளைங்க பேர் குடுத்திருக்கு, அதை யார் பாத்துக்குவாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் தொழிலில் இதுதான் நிலைமை. சாமியார் மாறினால் பூச்சாடி மாறும், மணியடிக்கிற நேரம் மாறும், கூடவே இளைஞர் பணியாளரும் மாறுவார். கேட்பாரில்லை. ஆகவே, விசாரிக்காமல் யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று சங்க விதியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து ஆயரிடம் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆயரும் சொல்லி அனுப்பினார்: "சனிக்கிழமை எனக்கு அடுத்த பொறுப்புல இருக்கிற முதன்மைக் குருவை அனுப்புறேன். அவர் முன்னால ஒழுங்கா கூடி ஒரு தீர்மானமாவது நிறைவேத்துங்க. இல்லேன்னா சங்கத்தைக் கலைச்சுட்டு உங்களைப் பீட அலங்காரக் குழுவோட சேத்துடுவேன்." பீட அலங்காரக் குழுவைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் எனக்குப் பூவைத் தொட்டாலே தும்மல் வரும்.

சனிக்கிழமை தங்கள் விருந்து என்பதை நான் மறக்கவில்லை. பத்து மணிக்குக் கூட்டம், பதினொன்றுக்கு முடித்துவிட்டு பஸ் பிடித்தால் ஒரு மணிக்கு அங்கே. தாங்கள் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கூட்டம் மறைமாவட்டக் கட்டடத்தின் மூன்றாவது மாடி அரங்கில். அங்கே ஒரு பழைய லிஃப்ட் உண்டு, மாடிக்கு மாடி மடக்குகிற இரும்புக் கம்பிக் கதவு வைத்தது. முதன்மைக் குருவுக்கு முட்டி வலி என்பதால் அவரை லிஃப்டில் ஏற்றினேன். பின்னாலேயே ஓடிவந்து விசில் ஏறினாள். கதவைச் சாத்தப் போகும்போது, "கொஞ்சம் இருங்க" என்று இன்னொருவர் உள்ளே நுழைந்தார். பார்த்தால் அவளுடைய புதுப் பங்குத்தந்தை. பணியாளர் உள்ள பங்கின் தந்தையும் எங்கள் சங்கத்தில் உறுப்பினர்தான், அது எந்த விதி என்று என்னைக் கேட்காதீர்கள். நால்வரும் நிற்கிறோம். விசில் சுவரைப் பார்த்தாள், பங்குத்தந்தை கூரையைப் பார்த்தார், முதன்மைக் குரு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறி, மூன்றாவது மாடிக்கு ஒரு ஆள் உயரம் பாக்கி இருக்கும்போது நின்றே போய்விட்டது.

மேலே நிமிர்ந்தால் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, சந்துக்கு அந்தப்பக்கம் விதியண்ணனின் பாதங்கள், பாதங்களுக்கு மேலே ஒரு பூங்கொத்து. "வரணும் ஃபாதர், வரணும்!" என்றார். முதன்மைக் குரு, "வரத்தான்யா பாக்குறோம்" என்றார். நான் தங்களுக்குத் தாமதமாகும் என்று சொல்ல அவசரமாகப் போனை எடுத்தேன், விதியண்ணன் மரியாதையை விட்டுவிடக் கூடாது என்று அதே நேரத்தில் பூங்கொத்தைச் சந்து வழியாக நீட்டினார், அது மூக்கில் பட்டு நான் தும்ம, போன் கையிலிருந்து எகிறி லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, முதல் மாடி, தரை, அதற்கும் கீழே என்று ஒவ்வொரு இடமாக இடித்துக்கொண்டே போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான், மாமா, நான் போன் செய்யவில்லை. வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆள் போயிற்று. அதுவரை கூட்டத்தை ஆரம்பிப்போம் என்றேன். விதியண்ணன் குனிந்து, "கோரம் இல்ல தலைவரே, கூட்டம் நடத்த உறுப்பினர் எண்ணிக்கை பத்தாது. உள்ள இருக்கிற உறுப்பினர் மூணு பேரும் இங்க வந்தாத்தான் கோரம். விதி ஒன்பது, உறுப்பினர்கள் அரங்கத்தில் கூடியிருக்கணும். நீங்க அரங்கத்துக்குக் கீழ கூடியிருக்கீங்க" என்றார். "அப்போ லிஃப்டும் அரங்கத்தைச் சேர்ந்ததுன்னு ஒரு தீர்மானம் போடுங்கண்ணே" என்றாள் விசில். "போடலாம்மா. ஆனா அதுக்குக் கோரம் வேணுமே." மனுஷன் சொன்னது தப்பே இல்லை என்பதுதான் எரிச்சல். கடைசியில் பொருளாளரம்மா ஒரே போடாகப் போட்டார்: "அரங்கத்தை அங்க கொண்டு போயிட்டா என்ன?" நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் சங்கம் முழுவதும் லிஃப்டைச் சுற்றி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். ஒரு தலைவர் தன் உறுப்பினர்களைக் காலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துப் பேச அனுமதித்தது சங்க வரலாற்றிலேயே முதல் தடவையாக இருக்கும்.

நான் கீழிருந்து சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது என்று பொருளாளரம்மா சந்துக்கு அருகே உட்கார்ந்து திருப்பிச் சொல்ல முன்வந்தார். நல்ல குரல், காதுதான் கொஞ்சம் மந்தம். நான், "விசாரணை இல்லாமல் யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது" என்று கத்தினேன். அவர் திரும்பி, "விசிறி இல்லாம யாரையும் லிஃப்டுல நிக்க வைக்கக் கூடாதாம்!" என்று முழங்கினார். மேலே ஒரே ஆரவாரம், "ஞாயந்தானே, பாவம், உள்ள வேகுமே!" என்று ஒருமனதாக நிறைவேற்றிவிட்டார்கள். விதியண்ணன் அதை எழுதிக்கொண்டும் விட்டார். உடனே சந்து வழியாக நான்கு அட்டைகள் விசிறிக்கொள்ள வந்து விழுந்தன. முதன்மைக் குரு சிரித்த சிரிப்பில் லிஃப்ட் ஆடியது. முட்டி வலியை மறந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். நான்கு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்த பிறகு யாரும் யாரையும் பார்க்காமல் இருக்க முடியாது, மாமா.

பங்குத்தந்தைதான் முதலில் பேசினார். அட்டையால் விசிறிக்கொண்டே, "உங்களுக்கு வேற எடத்துல வேலை கெடச்சிருக்காமே?" என்றார். விசில் திகைத்துப்போய், "யாருக்கு ஃபாதர்?" என்றாள். "உங்களுக்குத்தான். நான் வந்த அன்னிக்கே சொன்னாங்களே, அந்தப் பொண்ணு கிளம்பப் போகுது, வாயத் திறந்து சொல்லத் தயங்குதுன்னு. சரி, நாமளே முந்திக்கிட்டுச் சொல்லி உங்களுக்குச் சங்கடம் இல்லாமப் பண்ணிடுவோம்னு..." விசில் அவரையே பார்த்தாள். "ஃபாதர், கிளம்பினது சாக்ரிஸ்டியில பூசைச் சாமான் எடுத்து வச்ச பொண்ணு. போன மாசமே போயாச்சு." பங்குத்தந்தை அட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். "அப்போ நான் எழுபது பிள்ளைங்களோட முகாமை எப்படி நடத்தறதுன்னு பயந்து தூங்காம இருந்ததெல்லாம்?" என்று அட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டார். அப்போதுதான் அவள் அழுதாள், சிரித்துக்கொண்டே. நானும் கண்ணைத் துடைத்தேன், அது பூங்கொத்தின் வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

"அப்புறம் என்ன, தீர்மானமே தேவையில்லையே" என்று மேலேயிருந்து ஒரு ஜோடிக் கால் சொன்னது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "எல்லாச் சண்டைக்கும் லிஃப்ட் நிக்காதுங்க! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அந்த ஒரு வார்த்தை கேட்கணும்கிறதைத்தான் எழுதி வைக்கச் சொல்றேன்!" என்று கத்தினேன். இந்த முறை பொருளாளரம்மாவுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. முன்மொழிந்தவர் அவரே. வழிமொழிய யார் என்று விதியண்ணன் கேட்டதும், பங்குத்தந்தை சந்து வழியாகக் கையை வெளியே நீட்டினார்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "யாருங்க இந்தக் கேட்டைத் திறந்து வச்சது? எந்த மாடியில கேட் திறந்தாலும் லிஃப்ட் நின்னுடும். சாத்துங்க, தானா வந்துரும்." வேறு யார், பூங்கொத்தோடு தயாராக நிற்க வேண்டும் என்று லிஃப்ட் வந்து சேர்வதற்குள் கதவைத் திறந்து வைத்த விதியண்ணன்தான். அதன்பிறகு நாங்கள் பேசுவது கேட்கட்டும் என்று சங்கமே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! மெக்கானிக் கதவில் கை வைத்தார். "ஐயா, ரெண்டு நிமிஷம்! ஓட்டெடுப்பு முடியட்டும்" என்று உள்ளேயிருந்து கெஞ்சியவர் முதன்மைக் குரு. மெக்கானிக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னோம். எனக்குக் கை தெரியாதே, ஆகவே ஆதரிப்பவர்கள் வலது காலைத் தூக்கவும் என்றேன். தூக்காத கால் ஒன்றுகூட இல்லை, மாமா. மெக்கானிக்கும் சேர்ந்து காலைத் தூக்கியதை விதியண்ணன் செல்லாது என்று அறிவித்தார். கதவு சாத்தப்பட்டு நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் போல எங்களை ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். விசில் அங்கேயே ஒரு தடவை ஊதினாள். கட்டடமே வரிசையில் நின்றது.

அப்புறம் டீ, அப்புறம் பாட்டு, அப்புறம் முகாமுக்குத் திட்டம். வெளியே வந்து பார்த்தால் வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு வாரமாகத் தங்கள் மகளும் பிள்ளைகளும் விருந்து வேலைக்காக அங்கேயே இருப்பதால் வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த நேரத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பேன்? மாமா, ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களை வாழ்த்தக் கொடுத்துவைக்காத பாவி நான். அத்தையிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். இளைய மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கடவுள் தங்கள் இருவருக்கும் இன்னும் நெடுங்காலம் ஒரே கூரையும் ஒரே சிரிப்பும் தரட்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்,
மூத்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போதே தங்கள் மகள் வந்து இறங்கினாள். "யாருக்கு எழுதுறீங்க?" என்றாள். உங்க அப்பாவுக்கு, விருந்துக்கு வராததற்கு மன்னிப்பு என்றேன். "எந்த விருந்துக்கு?" என்றாள். சமையல்காரருக்குக் காய்ச்சல் என்று விருந்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்து மூன்று நாளாகிறதாம். குடும்பக் குழுவில் போட்டிருக்கிறீர்களாம், நான் ஒருத்தன்தான் பார்க்கவில்லையாம். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. ஆனால் மாமா, நேற்று சந்தோஷ மிகுதியில் சங்கத்தின் அடுத்த கூட்டத்தை அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு நானே அறிவித்துவிட்டேன், விதியண்ணன் அதை மாற்ற விதியில்லை என்பார். தங்கள் மகள்தான் வழி சொன்னாள்: "எல்லாரையும் விருந்துக்கே கூட்டிட்டு வந்துடுங்க. அப்பாவுக்குக் கூட்டம்னா உயிர்." எனவே கூடுதலாக இருபது நாற்காலி போடச் சொல்லவும். முதன்மைக் குருவும் வருகிறார். மன்னிப்புக் கேட்ட பகுதியை மட்டும் கிழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் பதவி மூன்று வருஷம், எப்படியும் தேவைப்படும்.