ஏசுவதற்கு ஒரு பெயர்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள பெரியக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி இராசரத்தினம் எழுதிக்கொள்வது. டென்மார்க்கில் நீங்கள் இருவரும் குளிருக்குள்ளும் குறையில்லாமல் இருக்க நல்லூரான் துணை நிற்பான். அத்தானுக்கு முழங்கால் இப்போது மடங்குகிறதா? இங்கே குணவதியும் பிள்ளைகளும் சுகம், பேரன் மிகவும் சுகம், எனக்கு மட்டும் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டது. அதனால்தான் போன் எடுக்காமல் இந்தக் கடிதம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்பதிவைக் கேட்டேன். "பேரன் பிறந்து இவ்வளவு நாளாச்சு, முழுப்பேரைச் சொல்லாமல் எனக்கு ஒளிக்கிறியோடா?" என்று ஏசியிருந்தீர்கள். பெயர் என்று ஒன்று இருந்தால்தானே அக்கா ஒளிக்கலாம்?

முதற்பெயரில் ஒரு வில்லங்கமும் இருக்கவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சுபாங்கியும் மருமகன் கிளிபோட்டும் கவின் என்று முடிவுசெய்துவிட்டார்கள். தமிழுக்குத் தமிழ், வெள்ளைக்காரன் வாயிலும் உடையாது. கடைசிப்பெயர் தகப்பனுடையது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் இரண்டுக்கும் இடையில் நடுப்பெயர் என்று இன்னொன்று வைப்பார்களாம். "அதை நீங்களும் கிளிபோட்டின்ர அப்பாவும் சேர்ந்து யோசிச்சு வையுங்கோ அப்பா. ஒரு பேர்தான். ரெண்டு பேரும் ஓம் எண்டால்தான் வைப்பம்" என்றாள் மகள். "அந்தப் பேராலை ஆர் கூப்பிடுறது, பிள்ளை?" என்று கேட்டேன். "ஒருத்தரும் கூப்பிடுறேல்லை. அம்மாமாருக்குக் கோவம் வந்தால் மட்டும் முழுப்பேரையும் சேர்த்துக் கத்துவினம். அப்பதான் பிள்ளைக்கு விளங்கும், திஸ் இஸ் சீரியஸ் எண்டு." ஆக, அது கூப்பிடும் பெயர் இல்லை அக்கா, ஏசும் பெயர்.

சம்பந்தி இக்னேசியஸ் மன்னாரார், வேதக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கலியாணத்தன்றே முறைத்துக்கொண்டதும் தெரியும். காலையில் சேர்ச்சில் எல்லாம் வடிவாகத்தான் முடிந்தது. மாலையில் எங்கள் மண்டபத்தில் சைவச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "உது கலியாண விருந்தோ, கந்தசட்டி விரதமோ?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்திலிருந்தவர் எங்கள் ஆள். அன்றிலிருந்து எங்கே கண்டாலும் இருவரும் தலையை மட்டும் ஆட்டுவோம், வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேரைச் சேர்ந்து ஒரு பெயர் பிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

போன சனிக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் மகளின் வீட்டில் எல்லோரும் கூடினோம். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய மாடிவீடு அது. சம்பந்தியம்மா மரியம்மா ஒரு பெட்டி மீன் கட்லட்டோடு வந்தா. நான் அப்பாவின் பெயரோடு போனேன். "வைத்திலிங்கம்" என்றேன். "பஸ்ரியன். எங்கட ஐயாவின்ர பேர்" என்றார் இக்னேசியஸ். பிறகு கட்லட் மட்டும் குறைந்தது. கடைசியில் அவர்தான், "ஏசுற பேர்தானே அண்ணை? ஏசிப் பார்த்தால் எது நல்லதெண்டு தெரிஞ்சிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

படிக்கட்டின் கீழே போய் நின்றேன். பேரனுக்குப் பதினைந்து வயது, மேலே அறையைப் பூட்டிக்கொண்டு போனோடு கிடக்கிறான், சாப்பிட வருகிறான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, "கவின் வைத்திலிங்கம்!" என்று கத்தினேன். கத்தியதும் அப்பாவின் மீசை கண்முன்னே வந்து நின்றது. அடுத்த வார்த்தை 'வாடா' என்றல்லவா வர வேண்டும்? அப்பாவைப் பார்த்து எப்படியக்கா வாடா என்பது? "...தயவுசெய்து கொஞ்சம் இறங்கி வாறீங்களோ?" என்றுதான் வாயில் வந்தது. "உது ஏச்சோ, கலியாண அழைப்போ?" என்று இக்னேசியஸ் விழுந்து விழுந்து சிரித்தார். குணவதியைக் கூப்பிட்டேன். அவ எழும்பவே இல்லை. "மாமாவின்ர பேரை நான் வாயாலை சொன்னதில்லை, இப்ப ஏசச் சொல்லுறியளோ?" என்றா. அது உண்மைதான். கனடாவுக்கு வந்த புதிதில் இமிகிரேஷன் ஆபீசர் என் தகப்பனாரின் பெயரைக் கேட்டதற்கு, என்னைக் கையால் காட்டி "ஆஸ்க் ஹிம்" என்று சொன்னவ அவ.

அடுத்தது இக்னேசியஸ். "கவின் பஸ்ரியன்! டேய்..." என்று தொடங்கினதுதான் தாமதம், மரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பாய்ந்து வந்தா. "ஐயோ, உங்கட ஐயாவுக்கு முதல் அது ஒரு புனிதரின்ர பேரப்பா! அர்ச்சிஸ்டவரை டேய் எண்டுறியளே!" மனிசன் அப்படியே அடங்கிப்போனார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, நான் வேணுமெண்டால் வைத்திலிங்கத்தை ஏசிப் பார்க்கிறன். எனக்கு அவரைத் தெரியாதுதானே?" என்றார். கேட்டதோடு நின்றாரா? என்னுடைய பதிலுக்குக் காத்திராமல், கலியாண மண்டபத்தில் கிடைக்காத ஆட்டிறைச்சிக்கும் சேர்த்து, "டேய் வைத்திலிங்கம்! சோம்பேறி! இறங்கு கீழை! காலை முறிச்சுப்போடுவன்!" என்று வீடு அதிரக் கத்தினார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. நானும் விடவில்லை. "டேய் பஸ்ரியன்! உனக்கும் இருக்கடா! வாடா வெளியிலை!" என்றேன். அவர் ஒன்று, நான் ஒன்று. கவின் என்ற பெயர் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வைத்திலிங்கமும் பஸ்ரியனும் மட்டும் சுவருக்குச் சுவர் பறந்தார்கள். தொட்டிலில் கிடந்த உண்மையான பிள்ளை எழும்பி வீரிட்டு அழுதது. என் குரல் போனது அப்போதுதான்.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். கிளிபோட் திறந்தான். பக்கத்து வீட்டு லோர்னா, ஜமெய்க்காக்காரி, பனிக்குள் வீட்டுச் செருப்போடு, கையில் போனோடு நிற்கிறா. எங்களைத் தள்ளிக்கொண்டு நேரே படிக்கட்டடிக்கு வந்து, மேலே பார்த்து, வெகு அன்பாக, பயப்பட வேண்டாம், இரண்டு பேரும் இறங்கி வாருங்கள், உங்களை ஒருவரும் அடிக்க மாட்டார்கள், என் வீட்டில் கேக் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டா. மேலே இரண்டு பையன்கள் ஒளிந்திருப்பதாக நினைத்துவிட்டா! கிளிபோட் பதறிப்போய், "நோ, நோ லோர்னா, தே ஆர் போத் டெட்!" என்றான். அந்த மனிசிக்கு முகத்தில் இரத்தம் இல்லை. பொலிசுக்குப் போனை அமத்தப் போனவவைச் சுபாங்கி ஓடிவந்து கையைப் பிடித்து, அவர்கள் பிள்ளையின் பூட்டன்மார், செத்து எத்தனையோ வருசம் என்று விளங்கப்படுத்தினாள். லோர்னா படியில் தொப்பென்று இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. அவவைப் பார்த்து மரியம்மா, மரியம்மாவைப் பார்த்து நான், என்னைப் பார்த்து இக்னேசியஸ். அவரும் நானும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை அக்கா.

சிரித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கட ஐயா கடலுக்குப் போனவர் அண்ணை, திரும்பி வரேல்லை. நான் அப்ப சின்னப்பெடியன். எனக்கு அவரிட்டை ஏச்சு வாங்கின ஞாபகம்கூட இல்லை. அவற்ற பேரை ஒரு வீட்டிலை ஆரும் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் எப்பிடி இருக்குமெண்டு பார்க்கத்தான் ஆசைப்பட்டனான். நீங்கள் கூப்பிட்டுட்டியள். எனக்குக் காணும். உங்கட அப்பாவின்ர பேரையே வையுங்கோ" என்றார்.

"இல்லைச் சம்பந்தி, பஸ்ரியன்தான்" என்றேன், காற்றுக் குரலில். "சீச்சீ, வைத்திலிங்கம்தான்" என்றார் அவர். "நான் சொல்லுறன், பஸ்ரியன்!" "விடுங்கோ அண்ணை, வைத்திலிங்கம்!" என்று பிறகும் பிடித்துக்கொண்டோம், இந்த முறை எதிர்ப்பக்கமாக. லோர்னா மறுபடியும் போனைத் தேடினா. அந்த நேரம் குணவதி எழும்பிப்போய், அழுத பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்து, "கவின் பஸ்ரியன் வைத்திலிங்கம், காணும் ராசா, அழாதை. இந்தக் கிழடுகள் உன்னை ஏசேல்லை" என்றா.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. நாங்களும் நிறுத்தினோம். "எடியே, அப்பாவின்ர பேரைச் சொல்லிட்டாய்!" என்றேன். "ஏசினால்தானே பிழை? நான் கொஞ்சினனான்" என்றா. ஒரு பெயர்தான் என்று சட்டம் போட்ட சுபாங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். கிளிபோட் தலையாட்டினான். இக்னேசியஸ் என் தோளில் கைபோட்டு ஒரு கட்லட்டை என் வாயில் வைத்தார். அன்று சனிக்கிழமை, நான் விரதம். தின்றுவிட்டேன். அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆகவே அக்கா, உங்கள் பேரனின் முழுப்பெயர் கவின் பஸ்ரியன் வைத்திலிங்கம் கிளிபோட். அங்கேயிருக்கும் நம் சனத்துக்கெல்லாம் சொல்லுங்கள். அவன் உங்கள் மடியில் ஏறியிருந்து உங்கள் கண்ணாடியைப் பிடுங்கும் நாள் விரைவில் வரட்டும். அத்தானுக்கு என் அன்பும், அவருடைய முழங்காலுக்கு என் பிரார்த்தனையும்.

உங்கள் ஏச்சுக்கு என்றும் கட்டுப்பட்ட தம்பி,
இராசரத்தினம்

பி.கு.: கடிதத்தை உறைக்குள் வைக்கும்போது சுபாங்கி போன் எடுத்தாள். கிளிபோட்டின் வேலையிடத்துக்குப் புது மனேச்சர் ஒருவர் வந்திருக்கிறாராம். பெயர் கெவின். பகல் முழுக்க அந்த மனிசனோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கவின் என்று கொஞ்சுவதற்கு அவனுக்கு வாய் வரவில்லையாம். அதனால் கவின் இரத்து. பிள்ளைக்கு இப்போது நடுப்பெயர் இரண்டு இருக்கிறது, முதற்பெயர் இல்லை. "அதையும் நீங்கள் ரெண்டு பேருமே சேர்ந்து பாருங்கோவன் அப்பா" என்கிறாள். அதற்காகவே என் வீட்டுக்கு வந்துவிட்ட இக்னேசியஸ் கீழே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார். மேலே எழுதிய பெயரை அங்கே ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம். அவசரப்பட்டு யாருக்காவது சொல்லியிருந்தால், அது வேறு பிள்ளை என்று சொல்லிவிடுங்கள்.